பாதியில் நிறுத்திய உண்மைகள்

கரியமில வாயு பூமியைச் சூடாக்கவில்லை என்று சாதித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது அறியாமையில் எழுதப்பட்டிருந்தால் இந்த எதிர்வினைக்கு அவசியம் இருந்திருக்காது. ஒரு பள்ளிப் பாடநூலைக் காட்டினால் போதும். ஆனால் கட்டுரையாளருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அண்டார்டிகப் பனியில் என்ன கிடைத்தது என்று தெரிகிறது. நீராவியின் பங்கு தெரிகிறது. 1900-ல் நடந்த ஒரு பரிசோதனைகூடத் தெரிகிறது. இத்தனையும் தெரிந்தவர், ஒவ்வோர் இடத்திலும் தனக்கு வசதியான வரி வந்ததும் நிறுத்திக்கொள்கிறார். அதற்கு அடுத்த வரியை வாசகரிடம் சொல்வதில்லை. அவர் விட்ட வரிகளை ஒவ்வொன்றாக எழுதினாலே அவருடைய வாதம் முழுவதும் சரிந்துவிடும். அதைத்தான் இங்கே செய்கிறேன்.

அவருடைய முதல் வாதம் அளவைப் பற்றியது. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், பத்தாயிரத்தில் நான்கு பங்கு, இவ்வளவு சிறிய பொருள் ஒரு கோளையே சூடாக்குமா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, விடையை வாசகரின் வியப்பிடம் ஒப்படைத்துவிடுகிறார். வியப்பு ஆதாரம் ஆகாது. மீதமுள்ள 99.96 சதவீதம் என்ன செய்கிறது என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும். உலர்ந்த காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். பூமி வெளியே வீசும் அகச்சிவப்புக் கதிர்களை இந்த மூன்றும் ஏறத்தாழ அப்படியே போகவிடுகின்றன. நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் போல ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த மூலக்கூறு எப்படி அதிர்ந்தாலும் அதன் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. அதனால் அந்தக் கதிர் அதில் பிடிபடுவதில்லை. கரியமில வாயு அப்படிப்பட்டதல்ல. நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். அது வளைந்து நிமிரும்போது 15 மைக்ரான் அலைநீளமுள்ள கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. நம் பூமியின் வெப்பநிலையில் இருக்கும் ஒரு பரப்பு வலுவாகக் கதிர்வீசும் பகுதிக்குள்தான் அந்த அலைநீளம் இருக்கிறது. வெப்பத்தைப் பிடிக்கும் வேலையில் பங்கே இல்லாத வாயுக்களையெல்லாம் கூட்டலில் சேர்த்து, பங்குள்ள வாயுவைச் சிறியதாகக் காட்டும் கணக்கு அவருடையது.

இது நேற்று வந்த கொள்கையும் அல்ல. 1856-ல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. அந்தச் சூடு தணியவும் அதிக நேரம் பிடித்தது. இந்த வாயு மிகுந்த காற்று பூமியைச் சூடாக்கும் என்று அவர் அப்போதே எழுதினார். 1859-ல் லண்டனில் ஜான் டிண்டல், எந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது, எது உறிஞ்சவில்லை என்பதைத் தானே அமைத்த கருவியால் அளந்தார். 1896-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், இந்த வாயு இருமடங்கானால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் மாதிரிகளை நம்பமுடியாது என்று கட்டுரையாளர் எழுதுகிறார். இந்த மூவரிடமும் கம்ப்யூட்டர் இருக்கவில்லை.

சிறிய அளவு பெரிய விளைவைத் தராது என்பவருக்கு இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், 1975-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் பற்றியது அது. காற்றில் அதன் அளவை லட்சம் கோடியில் சில நூறு பங்கு என்ற கணக்கில்தான் சொல்ல முடியும். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் அது இல்லாததற்குச் சமம். ஆனால் அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகள் பிடிக்கும் அளவுக்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்று ராமநாதன் காட்டினார். பூமியின் வெப்பத்தைப் பிற வாயுக்கள் பெரும்பாலும் போகவிடும் ஒரு ஜன்னல் வழியில் அது குறுக்கே நிற்பதுதான் காரணம். எத்தனை பங்கு இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இயற்பியல் புரியாது. எந்தக் கதிரை எது தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழகக் கல்லூரியில் படித்த ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்குச் சொன்ன இந்தப் பாடத்தை, இன்று தமிழில் எழுதும் ஒருவர் தெரியாதவர்போலக் கடந்துபோவது வருத்தத்துக்குரியது.

அடுத்தது நீராவி. பசுமைக்குடில் விளைவில் பெரும்பங்கு நீராவியுடையது, எனவே கரியமில வாயுவைக் குற்றம் சொல்வது வீண் என்கிறார். முதல் பாதி உண்மை. இயற்கையான பசுமைக்குடில் விளைவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். இன்று அது சுமார் 15 டிகிரி. இந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி நீராவியால், கால் பங்கு மேகங்களால், ஐந்தில் ஒரு பங்கு கரியமில வாயுவால் வருகிறது. ஆனால் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது? காற்றின் வெப்பநிலை. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் அது மழையாக இறங்கிவிடும். ஆவியான நீர் சராசரியாக ஒன்பது பத்து நாட்களுக்குமேல் காற்றில் தங்குவதில்லை. கரியமில வாயு அப்படி மழையாக இறங்குவதில்லை. நாம் வெளியிட்டதில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் காற்றிலேயே இருக்கும். ஆகவே கரியமில வாயு கொஞ்சம் சூடேற்ற, அந்தச் சூட்டில் நீராவி பெருகி மேலும் சூடேற்றுகிறது. 2010-ல் நாசாவின் கோடார்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லேசிஸும் சக ஆய்வாளர்களும், கரியமில வாயு போன்ற, மழையாக இறங்காத வாயுக்களை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். நீராவி தானாகவே வற்றி, சில பத்தாண்டுகளில் பூமி உறைநிலைக்குக் கீழே போயிற்று. நீராவியைக் கரியமில வாயுவுக்குச் சாட்சியாக அழைத்தார் கட்டுரையாளர். அந்தச் சாட்சி கரியமில வாயுவின் குற்றத்தைப் பெரிதாக்குகிறது.

மூன்றாவது வாதத்தில்தான் அவர் தன் படிப்பைக் காட்டுகிறார். கரியமில வாயு தன் அலைவரிசையில் பிடிக்கக்கூடிய கதிர் முழுவதையும் ஏற்கெனவே பிடித்துவிட்டது, இனி எவ்வளவு சேர்த்தாலும் வேறுபாடு இராது என்கிறார். இது 1900-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கனூட் ஆங்ஸ்ட்ரோம் எழுப்பிய வாதம். அவருடைய உதவியாளர் ஒரு குழாயில் கரியமில வாயுவை நிரப்பி அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினார். வாயுவின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் உறிஞ்சும் அளவு கிட்டத்தட்ட மாறவில்லை. அந்தக் காலத்து அறிஞர்கள் பலர் இதை நம்பி அரீனியஸின் கணக்கை ஓரம் கட்டினார்கள். அதோடு கட்டுரையாளரின் வரலாறு முடிந்துவிடுகிறது. 1900-க்குப் பிறகு அறிவியல் உறங்கிவிட்டதுபோல எழுதியிருக்கிறார்.

வளிமண்டலம் ஒரு குழாய் அல்ல. அது அடுக்கடுக்கானது, மேலே போகப்போக மெலிந்து, குளிர்ந்து, உலர்ந்துவிடும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் ஓர் அடுக்கில் உறிஞ்சப்பட்டு, மீண்டும் வீசப்பட்டு, அடுத்த அடுக்கில் உறிஞ்சப்பட்டு, கடைசியில் காற்று மிக மெல்லியதாக இருக்கும் உயரத்திலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகிறது. கரியமில வாயு கூடும்போது அந்தத் தப்பும் உயரம் இன்னும் மேலே போகிறது. அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த பொருள் குறைவாகவே கதிர்வீசும். சூரியனிலிருந்து வருவது அதே அளவு, வெளியே போவது குறைவு என்றால் மிச்சம் பூமியில் தங்கும். கீழே எத்தனை முழுமையாக உறிஞ்சப்பட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. 1950-களில் அமெரிக்க ராணுவத் துறைகள் அகச்சிவப்புக் கதிர் ஆய்வுக்குப் பெரும் பணம் செலவழித்தன. வெப்பத்தைத் தேடிப் பாயும் ஏவுகணைக்கு, காற்று எந்தக் கதிரை மறைக்கும், எதை விடும் என்று துல்லியமாகத் தெரியவேண்டியிருந்தது. அந்தப் புதிய அளவீடுகளைக் கொண்டு கில்பர்ட் பிளாஸ் 1956-ல் ஆங்ஸ்ட்ரோமின் வாதத்தை முடித்துவைத்தார். கட்டுரையாளர் இன்று மறுக்கும் அதே இயற்பியலை நம்பித்தான் ஏவுகணைகள் குறி தவறாமல் பாய்கின்றன.

வாயு கூடக்கூட அதன் கூடுதல் விளைவு குறைகிறது என்பது உண்மை. அது மடக்கைக் கணக்கில் ஏறுகிறது. இதை அரீனியஸே 1896-ல் அறிந்திருந்தார். ஒவ்வொரு முறை இருமடங்காகும்போதும் சதுர மீட்டருக்குச் சுமார் 4 வாட் ஆற்றல் கூடுதலாகத் தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மடக்கைக் கணக்கின்படியே, இருமடங்கின் விளைவில் பாதிக்கும் மேலானதை நாம் ஏற்கெனவே ஏற்றிவிட்டோம். இதைக் கணக்கோடு நிறுத்தாமல் நேரடியாக அளந்தும் விட்டார்கள். 1970-ல் நிம்பஸ் 4 செயற்கைக்கோளும் 1997-ல் ஒரு ஜப்பானியச் செயற்கைக்கோளும் பூமியிலிருந்து வெளியேறும் கதிரைப் பதிவு செய்தன. ஜான் ஹாரிஸ் குழு 2001-ல் இரண்டையும் ஒப்பிட்டபோது, கரியமில வாயுவும் மீத்தேனும் உறிஞ்சும் அலைநீளங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது தெரிந்தது. 2000 முதல் 2010 வரை ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் தரையில் வைத்த கருவிகள், கரியமில வாயுவிலிருந்து கீழே திரும்பி வரும் கதிர் சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியதைப் பதிவு செய்தன. அந்த ஆய்வு 2015-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. இனி எதுவும் மாறாது என்று ஒருவர் எழுதும்போது, மாறியதை அளந்த கருவிகளின் பதிவு நம் முன் இருக்கிறது.

அண்டார்டிகப் பனிக்கு வருவோம். பனிக்கட்டியில் சிறைப்பட்ட பழங்காலக் காற்றை ஆராய்ந்தால் முதலில் வெப்பம் ஏறுகிறது, சுமார் 800 ஆண்டுகள் கழித்தே கரியமில வாயு ஏறுகிறது. எனவே வெப்பம்தான் காரணம், வாயு அதன் விளைவு என்று கட்டுரையாளர் வெற்றிக் களிப்போடு எழுதுகிறார். இந்த 800 என்ற எண் 2003-ல் நிக்கோலா கேயோனும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அந்தக் கட்டுரையே இதற்கு விளக்கமும் சொல்கிறது: பனியுகத்தின் முடிவைத் தொடங்கிவைப்பது கரியமில வாயு இல்லை, தொடங்கிய வெப்பத்தைப் பெருக்குவது அது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவதால் முதல் வெப்பம் வருகிறது. கடல் சூடேறி வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு பூமி முழுவதையும் மேலும் சூடாக்குகிறது. பனியுகம் முடிவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அதில் முதல் 800 ஆண்டுகளை மட்டும் காட்டிவிட்டு மீதியை மறைப்பது எந்த வகை நேர்மை? மேலும், அது அண்டார்டிகாவின் கணக்கு மட்டுமே. 2012-ல் ஜெரமி ஷாகுன் குழு உலகின் 80 இடங்களிலிருந்து பழங்கால வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கடைசிப் பனியுக முடிவில் உலகச் சராசரி வெப்பநிலை கரியமில வாயுவுக்குப் பின்னால்தான் வந்தது.

அதே பனிக்கட்டி சொல்லும் இன்னொரு செய்தியைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 8,00,000 ஆண்டுப் பதிவில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 180-க்கும் 300-க்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. அன்றிலிருந்து எழுபது ஆண்டுகள்கூட முடியவில்லை. நூறு பங்குக்குமேல் ஏறிவிட்டது. பனியுகங்களின் முடிவில் பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்த ஏற்றம் இப்போது ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நடந்திருக்கிறது.

இந்த ஏற்றம் மனிதனால் வந்ததல்ல, இயற்கை நம்மைவிடப் பல மடங்கு அதிகமாக வெளியிடுகிறது என்பது அடுத்த வாதம். வரத்தும் போக்கும் சமமாக இருந்த ஓர் ஏரியில் புதிதாக ஒரு வாய்க்காலை வெட்டிவிட்டால் நீர்மட்டம் ஏறும். பழைய வரத்து எவ்வளவு பெரியது என்று சொல்லி அந்த வாய்க்காலை மறைக்க முடியாது. காடும் கடலும் வெளியிடும் அளவை அவையே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. நாம் வெளியிடுவதிலும் பாதிக்குமேல் அவை எடுத்துக்கொள்கின்றன. எடுக்க முடியாத மீதிதான் ஆண்டுதோறும் காற்றில் சேர்கிறது. அந்த மீதி எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-14 இருக்காது. காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூயஸ் 1955-லேயே கண்டார். எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் குறைந்துவருவதை ரால்ஃப் கீலிங் அளந்து காட்டினார். கடல்தான் வாயுவை வெளிவிடுகிறது என்றால் கடல்நீரின் அமிலத்தன்மை குறைந்திருக்க வேண்டும். அது கூடிக்கொண்டிருக்கிறது. எரிமலைகளையும் சேர்த்துக்கொள்கிறார் கட்டுரையாளர். உலகின் எரிமலைகள் அனைத்தும் ஓர் ஆண்டில் வெளியிடுவது மனிதர்கள் வெளியிடுவதில் ஒரு சதவீதம்கூட இல்லை.

சூரியனைப் பற்றி அவர் எழுதிய பகுதிக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளக்கின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குகிறதே தவிர, இத்தனை ஆண்டுகளில் கூடவில்லை. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் எல்லா அடுக்குகளும் சூடேறியிருக்க வேண்டும். நடந்திருப்பது வேறு: நாம் வாழும் கீழடுக்கு சூடாகிறது, ஓசோன் படலம் உள்ள ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று ஸ்யுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-லேயே கணக்கிட்டு எழுதியிருந்தார்கள். மனாபேவுக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நடக்குமுன் சொல்லப்பட்டு, பிறகு அப்படியே நடந்த ஒன்றைவிட வலுவான ஆதாரம் அறிவியலில் எது?

என்னை மிகவும் கோபப்படுத்தியது பயிர்களைப் பற்றிய பகுதி. கரியமில வாயு செடிகளின் உணவு, அது கூடினால் விளைச்சல் பெருகும், உழவர்கள் மகிழ வேண்டும் என்று எழுதியிருக்கிறார். வாயு கூடினால் செடியின் வளர்ச்சி கூடுவது உண்மை. அடுத்த வரி நெல்லைப் பற்றியது. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு நெல் பதராகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான முடிவு: வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது. விளைந்த அரிசியிலும் சத்து குறைகிறது. சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயல்களில் கரியமில வாயுவைக் கூட்டி 18 நெல் ரகங்களை வளர்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. அரிசியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் பி வைட்டமின்களும் குறைந்திருந்தன. மூன்று வேளையும் சோற்றையே நம்பியிருக்கும் குழந்தைகள் உள்ள நாட்டில், இரத்தசோகை வீட்டுக்கு வீடு இருக்கும் நாட்டில், இதை வரம் என்று எழுத ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது. தெரியாமல் எழுதினார் என்றால் எழுதியிருக்கக் கூடாது. தெரிந்தே எழுதினார் என்றால் அது மன்னிக்கத் தக்கதல்ல.

கடைசியில், ஆய்வு நிதிக்காக விஞ்ஞானிகள் கட்டிய கதை இது என்று முடிக்கிறார். இந்தக் கதை பொய்யாக இருந்தால் மிகப் பெரிய லாபம் யாருக்கு? எண்ணெய் நிறுவனங்களுக்கு. எக்ஸான் நிறுவனத்தின் தலைமைக்கு அதன் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977-ல் இந்த ஆபத்தை விளக்கினார். அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த வெப்பக் கணிப்புகளை 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு உண்மை நிலவரத்தோடு ஒப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை துல்லியமாகப் பலித்திருந்தன. உள்ளே இதை அறிந்துகொண்டே, வெளியே அந்த நிறுவனம் பல ஆண்டுகள் சந்தேகத்தை விதைத்தது. நிதிக்காக உண்மையை வளைத்தவர்களைத் தேடும் கட்டுரையாளர் பார்க்க வேண்டிய இடம் அது. பணம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்து விஞ்ஞானிகளுக்கும் அளவீடு இதே விடையைத்தான் கொடுத்தது.

வாதிட வேண்டியவை நிறைய இருக்கின்றன. இந்தச் சுமையை யார் எவ்வளவு தாங்குவது, நூறாண்டுகளாக எரித்துச் செழித்த நாடுகள் எவ்வளவு கொடுப்பது, நிலக்கரியை நம்பி வாழும் தொழிலாளிகளுக்கு மாற்று என்ன, இந்தியா எந்த வேகத்தில் மாறுவது என்பனவெல்லாம் நேர்மையான கருத்து வேறுபாட்டுக்கு இடம் உள்ள கேள்விகள். அவற்றில் என்னோடு முரண்படுபவரோடு நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசத் தயார். ஆனால் அந்தப் பேச்சு அளவீடுகளை ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க முடியும். 2024-ல் உலகச் சராசரி வெப்பநிலை 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. கருவிகளால் அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை அதைவிடச் சூடான ஆண்டு இருந்ததில்லை. கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் தொண்ணூறு சதவீதத்துக்குமேல் கடல் வாங்கிக்கொண்ட பிறகும் இந்த நிலை.

கட்டுரையாளரின் வாதங்களில் ஒன்றுகூடப் புதியதல்ல. ஒன்றுகூடப் பதில் பெறாமல் இருந்ததுமல்ல. சிலவற்றுக்குப் பதில் கிடைத்து அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அவற்றை மறுபடி அச்சேற்றி, பதில்களை மட்டும் உதிர்த்துவிட்டது மாற்றுக் கருத்து ஆகாது. அது வாசகரை ஏமாற்றுவது. வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி யாராவது ஓர் எண்ணைக் காட்டி வெற்றி அறிவித்தால், அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர் அடுத்து என்ன எழுதினார் என்று கேளுங்கள். அந்த வரியையும் சேர்த்துச் சொல்லத் துணியாதவருடைய வாதத்தை ஏற்காதீர்கள்.